மருத்துவக் காப்புறுதியும் நடுத்தரக் குடும்பமும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் வாக்கு. அந்தச் செல்வத்தை இழந்தவன், அதை மீட்பதற்காகக் கையிலுள்ள காசையும் இழந்து நிற்பது உலகெங்கும் நாம் காணும் காட்சி. இந்த இரட்டை இழப்பைத் தடுக்கத்தான் மருத்துவக் காப்புறுதி என்னும் ஏற்பாடு பிறந்தது. ஏழைக்கு அரசாங்கம் கைகொடுக்கிறது. பணக்காரனுக்கு யார் கையும் தேவையில்லை. இந்த இருவருக்கும் நடுவே நிற்பவனின் கதி என்ன? காப்புறுதிச் சட்டம் திருத்தப்படும்போது, உதவித் தொகை எதுவும் பெறாத நடுத்தர வருமானக்காரனுக்குச் சுமை குறைகிறதா, கூடுகிறதா? இக்கேள்விக்கு வரலாறு சொல்லும் விடையை இன்று காண்போம்.

தோட்டத்து மக்களாகிய நமக்கு இது எதற்கு என்று சிலர் எண்ணலாம். மரம் சீவிப் பிழைத்த தலைமுறைக்கு நோய் வந்தால், போவதற்குத் தோட்டத்து டிரசர் இருந்தார். பெரிய நோய் என்றால் அரசாங்க மருத்துவமனை இருந்தது. அந்தத் தலைமுறையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் வேலை செய்கிறார்கள். சிலர் சொந்தமாகக் கடை நடத்துகிறார்கள், லாரி ஓட்டுகிறார்கள். வருமானம் உயர்ந்திருக்கிறது. அத்துடன், “உங்கள் வருமானத்துக்கு உதவி கிடையாது” என்ற பதிலும் அவர்கள் காதில் விழத் தொடங்கியிருக்கிறது. ஆகவே, கோட்டுக்குக் கீழே இருந்து மேலே வந்துகொண்டிருக்கும் மக்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில், காப்புறுதியின் அடிப்படையைப் பார்ப்போம். இதை நம் மக்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. மரண சகாய நிதியை அறியாதவர் நம்மில் யார்? வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை கொடுத்து வருகிறோம். எந்த வீட்டில் துக்கம் நேர்கிறதோ அந்த வீட்டுக்கு அந்தப் பணம் போய்ச் சேருகிறது. கொடுத்தவர் எல்லோரும் திரும்பப் பெறுவதில்லை. பெறாமல் இருப்பதே நல்லது என்றுதான் எல்லோரும் வேண்டிக்கொள்கிறோம்.

இந்த நிதி நிலைத்து நிற்க இரண்டு காரியங்கள் வேண்டும். எல்லா வீடும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். சந்தா எல்லா வீட்டுக்கும் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். “எங்கள் வீட்டில் எல்லோரும் இளவயதினர், எங்களுக்கு எதற்கு இது?” என்று சில வீடுகள் விலகிக்கொண்டால் என்ன ஆகும்? வயதானவர்கள் உள்ள வீடுகளே மிஞ்சும். செலவு அதே அளவில் இருக்க, கொடுப்போர் குறைவதால் சந்தா ஏறும். ஏறிய சந்தாவைக் கண்டு இன்னும் நாலு வீடுகள் விலகும். கடைசியில் நிதியே கலைந்துபோகும். மருத்துவக் காப்புறுதியின் வெற்றியும் தோல்வியும் இந்தச் சிறு கணக்கில் அடங்கியிருக்கின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டு வரலாற்றுக்குள் செல்வோம்.

நாடு தழுவிய கட்டாய மருத்துவக் காப்புறுதியை உலகில் முதன்முதலாகச் சட்டமாக்கிய நாடு ஜெர்மனி. 1883-ஆம் ஆண்டில், பிஸ்மார்க் தலைமை அமைச்சராக இருந்தபோது, அச்சட்டம் நிறைவேறியது. சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கைத் தொழிலாளியும், ஒரு பங்கை முதலாளியும் செலுத்தினார்கள். தொழிலாளர்களிடையே பரவி வந்த சோஷலிசக் கொள்கையைத் தணிப்பதே பிஸ்மார்க்கின் உள்நோக்கம் என்பார்கள் வரலாற்றாசிரியர்கள். நோக்கம் எதுவாயினும், காய்ச்சலில் படுத்த தொழிலாளிக்கு மருந்தும், சம்பளத்தில் ஒரு பகுதியும் கிடைத்தன.

அந்த வழியைப் பார்த்துப் பிரிட்டன் 1911-ஆம் ஆண்டில் தேசியக் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் தந்தை, அப்போது நிதியமைச்சராக இருந்த லாயிட் ஜார்ஜ். ஆண் தொழிலாளி வாரத்துக்கு 4 பென்ஸ் கொடுத்தான். முதலாளி 3 பென்ஸ் கொடுத்தார். அரசாங்கம் 2 பென்ஸ் சேர்த்தது. நாலு பென்சுக்கு ஒன்பது பென்ஸ் என்று லாயிட் ஜார்ஜ் அதை மேடைதோறும் முழங்கினார். நோயுற்ற தொழிலாளிக்கு ஒரு மருத்துவரின் கவனிப்பும், வாரம் 10 ஷில்லிங் உதவியும் கிடைத்தன.

இந்தச் சட்டத்தில்தான் நம் கதைக்கு வேண்டிய கோடு தெளிவாகத் தெரிகிறது. உடலால் உழைக்கும் தொழிலாளர் எல்லோரும் உள்ளே சேர்க்கப்பட்டார்கள். ஆனால், எழுத்து வேலை முதலியவற்றைப் பார்ப்பவர்கள் ஆண்டுக்கு 160 பவுனுக்குள் சம்பாதித்தால் மட்டுமே உள்ளே வரலாம். அதற்கு மேல் சம்பளம் வாங்கிய கிராணிக்கு இடமில்லை. சின்னக் கடைக்காரர் சொந்தத் தொழில் செய்பவர், அவருக்கும் இடமில்லை. மருத்துவர் வீட்டுக்கு வந்தால், அவருக்குரிய கட்டணத்தை இவர்கள் தம் கைக்காசிலிருந்தே கொடுக்கவேண்டும். வெளிப்பார்வைக்கு வெள்ளைச் சட்டை, உள்ளே கடன்.

இன்னொரு குறையும் இருந்தது. காப்புறுதி, வேலைக்குப் போகிறவனுக்கு மட்டுமே உரியது. அவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மருத்துவர் கிடையாது. பிரசவத்துக்கு ஓர் உதவித் தொகை உண்டு, அவ்வளவுதான். சம்பாதிப்பவன் உடம்பு கெட்டால் தொழில் கெடும், ஆகவே அவனைக் காப்போம் என்பது சட்டத்தின் எண்ணம். வீட்டுக்காரியின் நோய் வீட்டோடு போயிற்று.

160 பவுன் என்ற கோடு பின்னர் 250 பவுன் ஆயிற்று. 1942-இல் 420 பவுன் ஆயிற்று. கோட்டை எங்கே நகர்த்தினாலும், அதற்கு ஒரு படி மேலே நின்றவர்கள் இருந்துகொண்டே இருந்தார்கள். இறுதியில் 1948-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள், சுகாதார அமைச்சர் அனூரின் பெவன் தொடங்கிவைத்த தேசிய சுகாதாரச் சேவை அந்தக் கோட்டை அழித்தது. சுரங்கத் தொழிலாளி, கிராணி, கடைக்காரர், அவர்கள் மனைவி மக்கள் எல்லோரும் ஒரே வாசல் வழியாகச் சென்றார்கள். செலவைப் பெரும்பாலும் வரிப்பணம் ஏற்றது. வருமானம் கூடியவர் கூடுதல் வரி செலுத்தினார். மருத்துவமனை வாசலில் அவரை யாரும் சம்பளம் கேட்கவில்லை.

இனி, கோட்டை அழிக்காமல் காப்புறுதியை வளர்த்த ஒரு நாட்டைப் பார்ப்போம். அதுதான் அமெரிக்கா. நடுத்தர மக்களின் சங்கடத்தை முழுமையாக அங்கே காணலாம்.

அமெரிக்காவில் மருத்துவமனைக் காப்புறுதி ஒரு சிறிய ஏற்பாடாகத் தொடங்கியது. 1929-இல் டெக்சஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில், பேலர் மருத்துவமனை பள்ளி ஆசிரியர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆசிரியர் மாதம் 50 காசு கட்டினால், நோயுற்றபோது ஆண்டில் 21 நாள் வரை மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறலாம். நம் மரண சகாய நிதியின் தத்துவமே இது. பின்னாளில் நாடெங்கும் பரவிய ‘புளூ கிராஸ்’ காப்புறுதிக்கு இதுவே வித்து என்பர்.

பிறகு உலகப் போர் வந்தது. 1942-இல் சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். ஆள் பற்றாக்குறை ஒரு பக்கம், சம்பளத்தைக் கூட்ட முடியாத நிலை மறு பக்கம். ஆகவே தொழிற்சாலைகள், “சம்பளத்துக்குப் பதிலாகக் காப்புறுதி தருகிறோம்” என்று ஆட்களை அழைத்தன. முதலாளி கட்டும் அந்தச் சந்தாவுக்குத் தொழிலாளி வருமான வரி செலுத்த வேண்டியதில்லை என்பதை 1954-ஆம் ஆண்டின் வரிச் சட்டம் உறுதி செய்தது. இதுவும் ஒரு வகை அரசாங்க உதவிதான். கையில் காசாகத் தராமல், வாங்கவேண்டிய வரியை விட்டுக்கொடுப்பதால், அது உதவி என்று பலருக்குத் தெரிவதில்லை.

1965-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள், அதிபர் ஜான்சன் இன்னொரு பெரிய சட்டத்தில் கையொப்பமிட்டார். அதன்படி, 65 வயதானவர்களுக்கு ‘மெடிகேர்’ என்ற காப்புறுதியும், ஏழைகளில் சில பிரிவினருக்கு ‘மெடிக்கெய்ட்’ என்ற உதவியும் வந்தன.

ஆக, மூன்று வாசல்கள் திறந்தன. நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு ஒரு வாசல், முதியவருக்கு ஒன்று, ஏழைக்கு ஒன்று. இந்த மூன்றிலும் நுழைய முடியாதவர் யார்? சொந்தக் கடை வைத்திருப்பவர், விவசாயி, தச்சர், வாடகை வண்டி ஓட்டுபவர், காப்புறுதி தராத சிறு நிறுவனத்தில் வேலை செய்பவர், 60 வயதில் வேலையை விட்டு 65-க்காகக் காத்திருப்பவர். இவர்கள் காப்புறுதியைக் கடைச் சரக்குபோலத் தாமே விலைக்கு வாங்கவேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் காப்புறுதி நிறுவனங்கள் இவர்களுடைய உடல்நிலையை விசாரித்தன. நீரிழிவு உண்டா, நெஞ்சுவலி வந்ததுண்டா என்று கேட்டு, ‘உண்டு’ என்றால் சந்தாவை ஏற்றின, அல்லது விண்ணப்பத்தையே தள்ளின. நோயில்லாதவனுக்குக் குடை கிடைத்தது. மழையில் நின்றவனுக்குக் கிடைக்கவில்லை.

இந்த அநீதியை நீக்க வந்ததுதான் 2010-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் அதிபர் ஒபாமா கையொப்பமிட்ட சட்டம். ‘ஒபாமா கேர்’ என்று மக்கள் அதை அழைத்தார்கள். அதன் முக்கியப் பகுதிகள் 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தன. நோயாளி என்று சொல்லி யாரையும் தள்ளக்கூடாது; நோயைக் காட்டிச் சந்தாவை ஏற்றக்கூடாது. முதியவரிடம் இளைஞரைவிட மூன்று மடங்குக்கு மேல் வாங்கக்கூடாது. எல்லோரும் காப்புறுதி எடுக்கவேண்டும். எடுக்காதவர் அபராதம் கட்டவேண்டும். எல்லா வீடும் நிதியில் சேரவேண்டும் என்று நாம் முதலில் சொன்ன கணக்கே இது.

விலைக்கு வாங்கச் சிரமப்படுவோருக்கு உதவித் தொகையும் வகுத்தார்கள். இங்கேதான் கோடு மீண்டும் வந்தது. வறுமைக் கோட்டு வருமானத்தைப்போல் நான்கு மடங்கு வரை உள்ளவர்களுக்கே உதவி. 2014-ஆம் ஆண்டுக் காப்புறுதிக்கு, தனி ஒருவருக்கு அந்த எல்லை ஆண்டுக்கு 45,960 டாலர். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 94,200 டாலர். எல்லைக்கு உட்பட்டவர், நடுத்தரமான ஒரு காப்புறுதித் திட்டத்துக்குத் தம் வருமானத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 9½ பங்குக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. மிச்சத்தை அரசாங்கம் ஏற்கும். எல்லையைத் தாண்டியவருக்கு ஒரு காசும் இல்லை.

இதன் விளைவைச் சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு ஆண்டுச் சந்தா 8,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வருமானம் 45,900 டாலர் என்றால், அவர் தருவது சுமார் 4,360 டாலர். அதே மனிதர் சில நாள் மிகைநேர வேலை செய்து, வருமானம் 46,000 டாலர் ஆகிவிட்டால், 8,000 டாலரையும் அவரே கட்டவேண்டும். உழைத்துப் பெற்ற கூலி 100 டாலர். அதற்காக இழந்தது 3,640 டாலர். ஆண்டுத் தொடக்கத்தில் வருமானத்தைக் குறைவாகக் கணித்து உதவி பெற்றுக்கொண்டவர், ஆண்டு முடிவில் எல்லையைத் தாண்டியிருந்தால், பெற்ற உதவி முழுவதையும் வரியோடு சேர்த்துத் திருப்பித் தரவேண்டும். இதைத்தான் அந்நாட்டார் ‘செங்குத்துப் பாறை’ என்று வருணித்தார்கள். ஓர் அடி முன்னே வைத்தவன் பள்ளத்தில் விழுகிறான்.

சட்டம் முழுமையாக வருமுன்பே மனக்கசப்பும் தொடங்கிவிட்டது. இருக்கும் காப்புறுதி பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று ஒபாமா உறுதி கூறியிருந்தார். ஆனால், பழைய திட்டங்கள் பல புதிய விதிகளுக்கு ஒத்துவரவில்லை. 2013-ஆம் ஆண்டு இறுதியில் லட்சக்கணக்கானோருக்கு, அவர்கள் காப்புறுதி ரத்தாகிறது என்ற கடிதம் வந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஒபாமா வருத்தம் தெரிவித்தார்.

அடுத்து வந்த ஆண்டுகளில் சந்தா ஏறியது. முன்பு தள்ளிவைக்கப்பட்ட நோயாளிகள் உள்ளே வந்தார்கள், அது நியாயமே. ஆனால், எதிர்பார்த்த அளவுக்கு இளைஞர்கள் வரவில்லை. புதிய திட்டங்களில் பிரசவம், மருந்து, மனநோய்ச் சிகிச்சை முதலியவை கட்டாயமாகச் சேர்க்கப்பட்டதும் ஒரு காரணம். மத்திய அரசாங்கத்தின் விற்பனைத் தளத்தைப் பயன்படுத்திய மாநிலங்களில், தாமே வாங்குவோரின் சராசரிச் சந்தா 2013-இல் மாதம் 232 டாலராக இருந்தது. 2017-இல் 476 டாலர் ஆயிற்று. அரிசோனா மாநிலத்தில் 2017-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும், உதவித் தொகைக்கு அளவுகோலாக வைத்த திட்டத்தின் சந்தா இரு மடங்குக்கும் மேலாக ஏறியது.

இந்த ஏற்றம் யாரைத் தாக்கியது என்பதுதான் கவனிக்கவேண்டியது. உதவித் தொகை பெற்றவர், வருமானத்தில் குறிப்பிட்ட பங்கையே கொடுத்தார். சந்தா ஏறினால் அரசாங்கத்தின் பங்கு ஏறியது. அவர் பங்கு அநேகமாக அப்படியே இருந்தது. உதவி பெறாத நடுத்தரக்காரரோ ஏறிய ஒவ்வொரு டாலரையும் தாமே சுமந்தார். சந்தா கட்டி முடித்தாலும், நோய் வந்தால் முதல் சில ஆயிரம் டாலர்களைத் தம் கையிலிருந்து கொடுத்த பிறகே பல திட்டங்கள் பணம் தரத் தொடங்கின. ஆகவே பலர் விலகினார்கள். 2016-க்கும் 2018-க்கும் இடையே, உதவித் தொகையின்றித் தாமே காப்புறுதி வாங்குவோரின் எண்ணிக்கை சுமார் 25 லட்சம் குறைந்தது என்று அந்நாட்டு அரசாங்கமே கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறது. இதற்கிடையே 2017 டிசம்பரில் நிறைவேறிய வரிச் சட்டம், காப்புறுதி எடுக்காதவருக்குரிய அபராதத்தை 2019 முதல் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது. மரண சகாய நிதியிலிருந்து வீடுகள் விலகுவதுபோல் விலகல் நடந்தது.

பிரிட்டனில் மனைவி மக்களை வெளியே நிறுத்திய குறை இங்கேயும் வேறு உருவத்தில் தலைகாட்டியது. கணவனுக்கு நிறுவனம் தரும் காப்புறுதி அவன் ஒருவனுக்கு மட்டும் கட்டுப்படியானால், குடும்பம் முழுவதற்கும் அது கட்டுப்படியாகும் என்று விதி கருதிக்கொண்டது. மனைவியையும் பிள்ளைகளையும் சேர்க்கச் சந்தா எவ்வளவு ஏறினாலும் அவர்களுக்கு உதவித் தொகை மறுக்கப்பட்டது. 2022-இல் விதியைத் திருத்தி, 2023 முதல்தான் இக்குறையைப் போக்கினார்கள்.

இவற்றைக் கேட்டுச் சட்டமே தீயது என்று முடிவு கட்டுவது சரியாகாது. உதவித் தொகை பெறாத நடுத்தரக்காரரிலும் இரு சாரார் இருந்தார்கள். உடல்நலம் உள்ளவர், முன்பு குறைந்த சந்தா கட்டியவர், அதிகம் இழந்தார். புற்றுநோயோ நீரிழிவோ உள்ளவர், முன்பு எந்த விலைக்கும் காப்புறுதி கிடைக்காதவர், முதன்முதலாக அதைப் பெற்றார். ஏழைகள் எல்லோரும் சுகப்பட்டார்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. 2012-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஏழைகளுக்கான மெடிக்கெய்டை விரிவாக்குவதும் விடுவதும் மாநிலங்களின் விருப்பம் என்று தீர்ப்பளித்தது. டெக்சஸ், புளோரிடா போன்ற மாநிலங்கள் விரிவாக்க மறுத்தன. அங்கே வறுமைக் கோட்டுக்கும் கீழே இருந்த பலருக்கு அந்த உதவியும் இல்லை, இந்த உதவியும் இல்லை. கோடு மேலே நிற்பவனை மட்டும் வெட்டுவதில்லை. எங்கே தவறாகப் போட்டாலும் அங்கே நிற்பவனை வெட்டுகிறது.

செங்குத்துப் பாறையைச் சரிவாக மாற்ற முடியுமா? முடியும் என்று ஐந்து ஆண்டுகள் நடத்திக் காட்டினார்கள். 2021-ஆம் ஆண்டு மார்ச்சில், கோவிட் நோய் பரவியிருந்த காலத்தில், அதிபர் பைடன் கையொப்பமிட்ட சட்டம் நான்கு மடங்கு எல்லையை நீக்கியது. வருமானம் எவ்வளவாயினும், அளவுகோலாக வைத்த திட்டத்துக்கு நூற்றுக்கு 8½ பங்குக்கு மேல் கொடுக்கவேண்டாம் என்று அது விதித்தது. நாம் போட்ட கணக்கை இங்கே பொருத்தினால், 46,000 டாலர் சம்பாதித்தவர் 8,000 டாலருக்குப் பதிலாக 3,910 டாலர் கட்டினால் போதும். வருமானம் ஏற ஏற உதவி சிறிது சிறிதாகக் குறைந்து, தேவையில்லாத இடத்தில் தானாகவே மறைந்துவிடும். விழுவதற்குப் பள்ளம் இல்லை. 2022 ஆகஸ்டில் வந்த இன்னொரு சட்டம் இந்த ஏற்பாட்டை 2025 முடியும்வரை நீட்டித்தது. இந்த விற்பனைத் தளங்களின் வழியாகக் காப்புறுதி எடுத்தோர் 2021-இல் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர். 2025-இல் அத்தொகை ஏறத்தாழ இரு மடங்காயிற்று.

ஆனால், அது நிரந்தரச் சட்டமன்று. செலவு மிகுதி என்று ஒரு சாராரும், மக்கள் தாங்கமாட்டார்கள் என்று மறு சாராரும் வாதிட்டார்கள். 2025 அக்டோபர் முதல் நாள் தொடங்கி 43 நாட்கள் அமெரிக்க மத்திய அரசாங்க அலுவலகங்கள் பல முடங்கிக் கிடந்தன. அந்தப் பூசலுக்கு இந்த உதவித் தொகையே முக்கியக் காரணம். முடிவு எட்டப்படாமலே ஆண்டு முடிந்தது, ஏற்பாடும் காலாவதியாயிற்று. 2026 பிறந்தபோது பழைய கோடு திரும்பி வந்துவிட்டது. அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான மாநிலங்களில், தனி ஒருவருக்கு 62,600 டாலர், நால்வர் குடும்பத்துக்கு 1,28,600 டாலர் என்பது அவ்வாண்டின் எல்லை. ஐந்தாண்டு சமதரையில் நடந்தவர்கள் மறுபடியும் பாறை விளிம்புக்கு வந்தார்கள்.

நேயர்களே, இந்த அந்நிய நாட்டுக் கதையில் நம் வீட்டுக் கதையும் கலந்திருக்கிறது. நம் நாட்டில் 1969-இல் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சொக்சோ என்று நாம் சொல்வது அதைத்தான். அது வேலையில் நேரும் விபத்துக்கும், உழைக்க முடியாத நிலைக்கும் உரியதே தவிர மருத்துவக் காப்புறுதி அன்று. ஆயினும் அதிலும் ஒரு கோடு இருந்தது. தொடக்கத்தில் மாதம் 500 வெள்ளிக்குள் சம்பளம் வாங்குவோருக்கே அது கட்டாயம். பின்னர் 1,000, 2,000, 3,000 வெள்ளி என்று கோடு உயர்ந்தது. 2016 ஜூன் முதல் சம்பளம் எவ்வளவாயினும் தொழிலாளர் எல்லோரும் உள்ளே வரவேண்டும் என்று ஆக்கினார்கள். பிரிட்டனில் 160 பவுன் நடந்த அதே பாதையில் நம் 500 வெள்ளியும் நடந்திருக்கிறது.

மருத்துவத்தில், நம் அரசாங்க மருத்துவமனையின் வெளிநோயாளர் பகுதியில் குடிமக்கள் 1 வெள்ளி கொடுத்து மருத்துவரைப் பார்க்கும் ஏற்பாடு பல காலமாக இருந்து வருகிறது. அங்கே மரம் சீவுபவருக்கும், கிராணிக்கும், கடைக்காரருக்கும் ஒரே சீட்டு. காத்திருக்கும் நேரம் நீளமாக இருக்கலாம், கூட்டம் நெரியலாம். ஆனால், சம்பளக் கோடு போட்டு எவரையும் திருப்பி அனுப்பாத வாசல் அது. அதன் அருமை, அத்தகைய வாசல் இல்லாத நாட்டின் வரலாற்றைப் படிக்கும்போதுதான் புரிகிறது.

அந்த நெரிசலுக்கு அஞ்சித் தனியார் மருத்துவமனைக்குச் செல்லும் நம் நடுத்தரக் குடும்பங்கள் சொந்தச் செலவில் காப்புறுதி எடுக்கின்றன. அவர்களும் 2024-ஆம் ஆண்டில் சந்தா கடுமையாக ஏறியதைக் கண்டார்கள். அவ்வாண்டு டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டது. ஏற்றத்தைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பவேண்டும், காப்புறுதிதாரர்களில் நூற்றுக்கு 80 பேருக்காவது ஆண்டு ஏற்றம் 10 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும் என்று அது கட்டளையிட்டது. அடியைப் பல தவணையாக்கி வலியைக் குறைக்கும் வழி இது. சந்தா ஏன் ஏறுகிறது, எல்லோரையும் எப்படி உள்ளே வைத்திருப்பது என்ற கேள்விகள் இதோடு தீர்ந்துவிடவில்லை.

வரலாறு நமக்குக் காட்டுவது இதுதான். காப்புறுதிச் சீர்திருத்தம் நடுத்தரக்காரரைக் கசக்குவது, அது ஏழைக்கு உதவுவதால் அன்று. உதவி ஓர் இடத்தில் பட்டென்று அறுந்துவிடுவதால் கசக்குகிறது. ‘என் வரிப்பணத்தில் அவனுக்கு மருந்தா?’ என்று மேலே நிற்பவர் கீழே நிற்பவரைப் பகைத்தால், இருவரும் தோற்பார்கள். இன்று கோட்டுக்கு மேலே இருப்பவர் நேற்றுக் கீழே இருந்தவர். வேலை போனால் நாளை மறுபடியும் கீழே இருக்கக்கூடியவர். ஒரே வீட்டில் தந்தை கோட்டுக்குக் கீழும், மகன் கோட்டுக்கு மேலும் வாழும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! தந்தையின் உதவியைப் பறித்து மகனுக்கு நன்மை செய்ய முடியாது. மகனைக் கைவிட்டுவிட்டுத் தந்தையை நெடுநாள் காப்பாற்றவும் முடியாது. சந்தாவும் வரியும் செலுத்துகிறவன் அவன்தானே.

ஆகவே, நம் நாட்டில் மருத்துவக் கட்டணம், காப்புறுதி, வருமான வரம்பு பற்றிய புதிய திட்டங்கள் பேசப்படும்போது, தொழிற்சங்கக் கூட்டங்களிலும் வீட்டுத் திண்ணையிலும் நாம் மூன்று கேள்விகள் கேட்கப் பழகவேண்டும். கோடு எங்கே போடப்படுகிறது? கோட்டுக்கு ஒரு வெள்ளி மேலே சம்பாதிப்பவன் எவ்வளவு இழக்கிறான்? அவன் மனைவியும் பிள்ளைகளும் கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா? இம்மூன்றுக்கும் நேரான விடை கிடைக்கும் திட்டமே நீடித்து நிற்கும். கேட்கத் தெரிந்த மக்களுக்குத்தான் அந்த விடையும் கிடைக்கும்.